ஆயாவின் காலும் பெரியப்பாவின் வேண்டுதலும்

ஆயா செத்து ஒரு வருஷம் ஆனதற்காகப் பெரியப்பா ஊரெங்கும் பேனர் வைத்திருக்கிறார். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒன்று, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒன்று, தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்த ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒன்று. ‘தீயும் சுடாத தெய்வத் தாயே’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் பெரியப்பா கும்பிட்டபடி நிற்கிறார். ஓரமாக, அவர் தோளுயரத்துக்கு ஆயா. அவளை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். வேறு வழியில்லை. முழுப் படத்தைப் போட்டால், தீ சுடாத தாய்க்கு வலது கால் எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

நினைவு நாள் படையலுக்காக வந்த நான், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்த்தது அந்தப் பேனரைத்தான். வயிறு எரிந்தது. கையில் பிளேடு இருந்திருந்தால் கிழித்திருப்பேன். இல்லாததால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், இலை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் ஊற்றினேன். அவர்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். பக்தியானவள், பொறுமைசாலி, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவள், வாய் திறந்து எதையும் கேட்டறியாதவள்.

சுத்தப் பொய். எங்கள் ஆயாவுக்கு வாய் காது வரைக்கும் நீளம். அவள் என் அப்பாவைப் பெற்றவள். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால், ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே செய்கிற வேலை. அங்கே நூல் அறுந்தால் அவள் வாயிலிருந்து வருகிற வசவுக்குப் பயந்து முதலாளியே எழுந்து வெளியே போய்விடுவாராம். வயதாகிச் சக்கரை வியாதி வந்த பிறகு, ஜாங்கிரியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்பாள். மாட்டிக்கொண்டால், பெற்ற தாயை வேவு பார்க்கிற குடும்பம் உருப்படுமா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

சாமியையும் அவள் விட்டுவைத்ததில்லை. மழை வராவிட்டாலும் திட்டுவாள், வந்து காயப்போட்ட துணியை நனைத்தாலும் திட்டுவாள். கும்பிடுவதும் அதே வாய்தான். எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் என்றால் அவளுக்கு உயிர். பக்கத்து வீட்டு அக்காளிடம் பேசுவதுபோல் அம்மனிடம் பேசுவாள். ஒவ்வொரு ஆடியிலும் தீமிதித் திருவிழாவுக்குப் போய், தீ மிதிக்க வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். தானே இறங்கி மிதிக்கவேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும் அல்லவா என்று நினைத்திருப்பாள்.

நான் ஐந்தாவது படிக்கும்போது பெரியப்பா கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றார். அதுவரைக்கும் அவர் செய்த வேலை என்னவென்று யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கட்சிக்காரர்கள் வந்தால் மாலை வாங்கப் போவார், யாராவது மனை விற்றால் நடுவில் நிற்பார். வேட்பு மனு கொடுப்பதற்கு முன்னால் நாலைந்து கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போனார். பூசாரி கற்பூரம் காட்டி, என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் பார்க்கும்போது ஆடு, கோழி என்று சின்னதாகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. “நான் ஜெயிச்சா எங்கம்மா தீ மிதிப்பாங்க” என்று சொல்லிவிட்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வார்கள், காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்வார்கள், கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். கிடாவிடம் போய் உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. ஆயாவிடமும் யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா ஜெயித்தார். எங்கள் வீட்டு வாசலில் வெடி வெடித்தார்கள். அவருக்குப் போட்ட மாலைகளில் ஒன்றை எடுத்து ஆயா கழுத்தில் போட்டார். ஆயா அதைக் கழற்றி, அதில் இருந்த ரோஜாப் பூக்களைப் பிய்த்து எனக்கும் அம்மாவுக்கும் கொடுத்தாள். அப்போதும் அவர் வேண்டுதலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆடி நெருங்கியபோது, கல்யாணப் புடவை எடுக்க ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பொம்பளை, “இன்னாக்கா, இந்த வருஷம் நீ மிதிக்கிறியாமே” என்று கேட்ட பிறகுதான் ஆயாவுக்கு விஷயமே தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆயா பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா, வேண்டிக்கினவன் நீ. உனுக்குக் காலு இல்லியா?”

பெரியப்பா கோபப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். “ஆணிமா. செருப்பு இல்லாம ஒரு அடி வெக்க முடியல. நீயே பாரு.”

ஆயா பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் தாங்காத இடம் இதுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்த ஆணியை விரலால் அமுக்கி, “வலிக்குதாடா?” என்று கேட்டாள். வலிக்குதும்மா என்றார் கவுன்சிலர்.

ஆயாவின் கால் எப்படி இருக்கிறது என்று அங்கே ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கடைத்தெருவில் அவள் ஒரு காலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துபோனாள். நான்தான் திரும்ப ஓடிப் போய் எடுத்து வந்தேன். தரையெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று அடிக்கடி சொல்லுவாள். முற்றிய சக்கரை வியாதி காலில் இருக்கிற உணர்ச்சியைத் தின்றுவிடும், ஆணி ஏறினாலும் நெருப்பு பட்டாலும் தெரியாது என்பதெல்லாம் இன்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததை நான் தப்பு சொல்ல மாட்டேன். மாதா மாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தவர்களில் ஒருவர்கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

அம்மா ஒருத்திதான் வாயைத் திறந்தாள். “அத்தைக்குச் சக்கரை இருக்குது மாமா. காலு மரத்துப் போவுதுன்னு அவங்களே சொல்றாங்க. வேணாம்” என்றாள்.

“நீ செய்யாத்துலேந்து வந்தவ. எங்க ஊரு அம்மனைப் பத்தி உனுக்கு இன்னாமா தெரியும்?” என்றார் பெரியப்பா.

அப்பா பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். நாள் முழுக்க யார் என்ன சொன்னாலும் ஆமாம் போட்டுப் பழகிய மனிதர். அன்றும் அண்ணனைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், பிறகு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆயாவே முடித்துவைத்தாள். “வுடும்மா. சாமி குத்தம் வந்துச்சின்னா இவன் தலைமேலதான வரும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பக்தி பக்தி என்கிறார்களே, அந்தப் பக்தி இவ்வளவுதான். அம்மன் மேல் இருந்ததில் பாதி பிரியம், பாதி பெற்ற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பெரியப்பா நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். எனக்கு ஆயா மேலும் கோபம் உண்டு. ஜாங்கிரிக்காக ஊரையே கூட்டுகிறவள், காலுக்காக ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

தீ மிதிக்கிறவர்கள் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டால், திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்புக் குறைவாக. எனவே நாங்கள் எல்லோரும் ஊரில் இருந்த பழைய வீட்டுக்குப் போய்த் தங்கினோம். ஆயா மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். விரதத்தில் மாத்திரை சேர்க்கலாமா என்று யாரோ கேட்டார்களாம். சேர்க்கக் கூடாது என்று பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் அந்த நாட்களில் தினமும் மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பிரியாணி தின்றுவிட்டு வந்தார். காப்பு கட்டாதவருக்கு அதில் தடையொன்றும் இல்லை.

தீமிதி அன்று சாயங்காலம் கோயிலுக்கு எதிரே இருக்கிற களத்தில் ஊரே கூடியிருந்தது. வேம்பும் புளியமரமும் அடுக்கி எரித்து, நெருப்புக் கங்குகளைத் தட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். கிட்டே போக முடியாத அனல். முறத்தால் விசிறிச் சாம்பலை ஊதும்போதெல்லாம் கங்கு சிவந்து சிவந்து அடங்கியது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கரகம் எடுத்த பூசாரி முதலில் இறங்கினார். “கோவிந்தா, கோவிந்தா” என்று கூட்டம் கத்தியது. அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களும் மஞ்சள் துணியோடு வரிசையாக இறங்கினார்கள். எல்லோரும் ஓடினார்கள். எவ்வளவு பக்தி இருந்தாலும் கால் ஓடத்தான் செய்யும். ஒருத்தர் கையில் குழந்தையோடு ஓடினார். ஓடிக் கடந்து, அந்தப் பக்கம் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் இறங்கி நின்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

ஆயா ஓடவில்லை. நடந்தாள். வேப்பிலைக் கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி சாவகாசமாக நடந்தாள். நடுவில் புடவைக் கொசுவம் தடுக்கியது. அங்கேயே நின்று, அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மறுபடி நடந்தாள். கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போயிற்று. அவள் பால் குழியில் கால் வைத்ததும் எழுந்த சத்தம் இருக்கிறதே, ஏரிக்கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. பொம்பளைகள் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். ஒரு கிழவி ஆயாவின் பாதத்தில் முகத்தை வைத்து அழுதாள். நானும்தான் குதித்தேன். எங்கள் ஆயாவைத் தீ சுடவில்லை. வேறு யாருடைய ஆயாவுக்கு இது வரும்?

ஆயாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் கூட்டத்துக்குள் நுழைந்துபோய் அவள் மடியைப் பிடித்துக்கொண்டு, “சுடலியா ஆயா?” என்றேன்.

“தெரியலடீ” என்றாள்.

அவள் உள்ளதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெரியப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டு நேராக மைக்குக்குப் போனார். “எங்கம்மா இன்னா சொல்றாங்க தெரியுமா? சுட்டதே தெரியலன்னு சொல்றாங்க!” என்றார். மறுபடி கோவிந்தா. அவருக்கு யாரோ துண்டு போர்த்தினார்கள்.

அந்த வருஷம் அந்த ஊரில் தீ மிதித்தவர்களில் கால் வெந்தவள் ஆயா ஒருத்திதான். மறுநாள் காலையில் இரண்டு உள்ளங்காலும் தோல் உரிந்து கிடந்தது. வலது காலில் பெருவிரலுக்கு அடியில் கறுத்துப் போயிருந்தது. அப்போதாவது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் கொப்புளம் வராது. வந்தால் அவர்களிடம் ஏதோ அசுத்தம், ஏதோ தப்பு. மைக்கில் பேசிவிட்ட பெரியப்பாவுக்கு இந்தக் காலை ஊர் பார்த்தால் மானம் போய்விடும். ஆயாவுக்கும் அதே பயம்தான். வயதான காலத்தில், விரதத்தில் கள்ளத்தனம் செய்தவள் என்ற பெயர் எடுக்க அவளுக்கு விருப்பமில்லை. வலியும் இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பாள், அவள் கத்தினால் யாரும் தடுத்திருக்க முடியாது.

பெரியப்பா டவுனுக்குப் போய்க் காலுறை வாங்கி வந்தார். புண் மேல் மஞ்சளும் திருநீறும் அப்பி, அதன் மேல் காலுறையை மாட்டிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம், “அம்மன் பூ மேல நடந்த காலு. தரையில படக் கூடாது” என்று சொன்னார். என்ன மூளை பாருங்கள்! கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் காலுறையையே தொட்டுக் கும்பிட்டார்கள். டவுனுக்குத் திரும்பி வந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், வழக்கு நடக்கிறவர்கள், கட்சிக்காரர்களின் மனைவிமார்கள். ஆயா நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் திருநீறு வைத்தாள். அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாமி வந்த சூடு என்றார்கள்.

அந்தக் காலுறையைத் துவைப்பதற்காகக் கழற்றப் போன அம்மாதான் கண்டுபிடித்தாள். காலோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. வாடை குடலைப் பிடுங்கியது. அம்மா தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி, ஆயாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தாள். திருநீறுக்காகக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பா ஓடி வந்து, அண்ணன் வந்துவிடட்டும் என்றார்.

“உங்க அண்ணன் வர்ற வரிக்கும் இந்தக் காலு காத்துக்கினு இருக்காது. நவுருங்க” என்றாள் அம்மா.

அம்மா அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் ஆயா, வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோமே, யாருக்காவது ஒரு வாய் காபி கொடுத்தோமா என்று புலம்பிக்கொண்டு வந்தாள்.

வலது காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் முழுக்கப் போனது பல வருஷங்களுக்குப் பிறகு. ஆனால் அது போக ஆரம்பித்தது அந்த ஆடியில்தான். விரல் போன செய்தி தெரிந்ததும் பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் நின்று அம்மாவைக் கேட்டார். சாமி காலை எதற்காக இங்கே கொண்டுவந்து கத்தி வைக்கச் சொன்னாய் என்று. அம்மன் பார்த்துக்கொண்டிருப்பாளாம், அம்மாதான் அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டாளாம். இன்றைக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். படையலன்றுகூட ஒரு அத்தை, அம்மாவின் காதில் விழுகிற மாதிரியே அதைச் சொன்னாள். அம்மா அவளுக்கு இன்னொரு வடை வைத்தாள்.

விரல் எடுத்த இரண்டொரு நாளில், பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா சாப்பாட்டுக் கேரியரைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போயிருந்தாள். ஆயா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அன்று காலையில் டாக்டர், இன்னொரு காலிலும் உணர்ச்சி இல்லை, அதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

“பாப்பா, இந்தக் காலைக் கொஞ்சம் கிள்ளு” என்றாள், இடது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி. கணுக்காலுக்குக் கீழே கட்டு இல்லாத இடமாகக் காட்டினாள்.

எனக்கு விளையாட்டாக இருந்தது. கிள்ளினேன்.

“நல்லா கிள்ளுடீ. சோறு துன்றியா இன்னா?”

நகம் பதியக் கிள்ளினேன். ஆயா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வலிக்கிறதா என்றேன். அவள் கண் என் விரலை விட்டு நகரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருகிக் கிள்ளினேன். தோலில் ரத்தம் கோத்துக்கொண்டது. அதற்குமேல் முடியாமல் கையை எடுத்துவிட்டு, அழுவதற்குத் தயாராக அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆ!” என்றாள். “வலிக்குதுடீ கழுதை! உசுரு போவுது. போதும், போதும்.”

காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அவ்வளவு வலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழாயடிக்கு ஓடினேன். “மா, ஆயாவுக்குக் காலு நல்லாயிடுச்சு! நான் கிள்ளினேன், வலிக்குதுன்னு கத்துனாங்க! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!” என்றேன்.

அம்மா கேரியரைக் கீழே வைத்தாள். எப்போது கத்தினாள், நீ கிள்ளும்போதா, கையை எடுத்த பிறகா என்று கேட்டாள். எடுத்த பிறகு என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கேரியரைத் திரும்ப எடுத்து, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். இவ்வளவு நல்ல சேதியை ஓடிவந்து சொல்கிறேன், இவளுக்கு ஆயா குணமாவது பிடிக்கவில்லையா என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.